வலி அறியாத பாதம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டுக் கூட்டத்தில் உடல்நலம் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நிர்வாகத்தார் நம்மைப் பணித்தபோது, அதற்கு ஒரு மருத்துவரை அழைப்பதே பொருத்தம் என்று கூறினோம். மருத்துவர் கூறினால் அதை மருந்துச் சீட்டைப் போல மடித்து வைத்துவிடுவார்கள், இமாம் கூறினால் காது கொடுத்துக் கேட்பார்கள் என்பது அவர்கள் தந்த பதில். ஜும்ஆ பயானின்போது தூணில் சாய்ந்து கண்ணயரும் சில சகோதரர்களை நினைத்து நாம் மௌனமாக இருந்துவிட்டோம். நாம் மதரஸாவில் ஓதியவர்கள். மருத்துவம் நமது துறையன்று. ஆயினும் அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

நாம் தேர்ந்தெடுத்த பொருள் வலி. அதற்குக் காரணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் நமது உதகையில் புல்வெளி எல்லாம் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும் விடியற்காலையில், பஜ்ருத் தொழுகைக்கு ஒளுச் செய்து முடிக்கும்போது விரல்கள் நம்முடையவையா என்ற ஐயமே வந்துவிடுகிறது. அத்தகைய ஒரு குளிர்காலத்தில், நாமறிந்த பெரியவர் ஒருவர் கணப்பருகே நாற்காலியைப் போட்டுக் கால்களை நீட்டியவாறு சிறிது உறங்கிவிட்டார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி உள்ளவர். விழித்து எழுந்து நடமாடினார், உணவு உண்டார், தொழுதார். மாலையில் பேத்தி, “அத்தா, உங்க கால்ல தோல் உரிஞ்சிருக்கே” என்று கூறிய பின்னரே பாதத்தின் ஓரம் வெந்து கொப்பளித்திருப்பதைக் கண்டார். நெருப்பு சுட்டிருக்கிறது, சுட்ட செய்தி மட்டும் அவரிடம் வந்து சேரவில்லை. அந்தச் செய்தி வழக்கமாக எவ்வாறு வந்து சேருகிறது, எங்கே தடைப்படுகிறது என்பதே இன்று நாம் பேசவிருப்பது.

நமது தோலிலும், தசையிலும், மூட்டுகளின் உறையிலும், பல்லின் உட்புறத்திலும் மயிரினும் மெல்லிய நரம்பு நுனிகள் கணக்கின்றிப் பரவியுள்ளன. சட்டை உரசுவதையும், ஈ அமர்வதையும் உணர்த்த வேறு நரம்புகள் உண்டு. நாம் கூறும் இந்நுனிகளோ தீங்கு நேரும் அளவுக்குச் சூடோ, குளிரோ, அழுத்தமோ, அரிக்கும் பொருளோ நெருங்கும்போது மட்டுமே விழித்துக்கொள்ளும் காவலாளிகள். ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டிலேயே இவற்றுக்குத் தனிப் பெயரிட்டார். தீங்குணர்விகள் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

சூட்டை ஒரு நரம்பு எப்படி அறிகிறது என்பது வெகுகாலம் புலப்படாமலே இருந்தது. அதற்கு விடை கிடைத்தது மிளகாயில்! அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவரது குழுவினரும் மிளகாயின் காரச் சத்து நரம்பில் எதைத் தொடுகிறது என்று தேடினார்கள். நரம்பு நுனியின் உறையில் புரதத்தாலான மிக நுண்ணிய வாயில் ஒன்று இருப்பதை 1997இல் கண்டறிந்தார்கள். அந்த வாயில் மிளகாய்ச் சத்துப் பட்டாலும் திறக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கிறது. திறந்ததும் கால்சியம், சோடியம் ஆகியவற்றின் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் ஒரு மின் துடிப்பு எழுகிறது. ஆகவே பச்சை மிளகாயைக் கடித்தவன் வாய் எரிகிறது என்று அலறுவது வெறும் உவமையன்று. நெருப்புக்குத் திறக்கும் கதவைத்தான் மிளகாயும் திறந்திருக்கிறது.

குளிருக்கும் அவ்வாறே ஒரு வாயில் உண்டென்பது 2002இல் வெளிப்பட்டது. புதினாவிலுள்ள மென்தால் அதைத் திறக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பூட்டும் செய்தி என்னவெனில், அந்த ஆய்விலேயே மென்தாலுடன் சேர்த்துச் சோதித்துப் பார்க்கப்பட்ட பொருள்களுள் ஒன்று யூகலிப்டஸ் தைலத்தின் முக்கியச் சத்து. நாம் கற்பூர மரம் என்றழைக்கும் அந்த மரத்தின் தைலத்தை நெற்றியில் தடவியவுடன் குளுகுளுவென்று இருக்கிறதே, அங்கே தோல் உண்மையில் அந்த அளவு குளிர்ந்துவிடவில்லை; குளிரை அறிவிக்கும் கதவு திறந்திருக்கிறது. பெய்ரூத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்டெம் பட்டபூட்டியன் என்பவர் அழுத்தத்தை உணரும் வாயில்களை 2010இல் கண்டறிந்தார். இவ்விருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நுனியில் எழுந்த துடிப்பு நரம்பின் வழியே தண்டுவடத்தை நோக்கி விரைகிறது. இதில் இரண்டு வகை இழைகள் உள்ளன. ஒன்று மெல்லிய கொழுப்புறை போர்த்தியது. வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 மீட்டர் வரை செய்தியைக் கடத்தும். மற்றது உறையில்லாத மிக மெல்லிய இழை. வினாடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டாது, நாம் நடந்து செல்லும் வேகம்தான். இருட்டில் கட்டில் காலில் சுண்டு விரலை இடித்துக்கொண்டவர்கள் இதைத் தாமே சோதித்தறிந்திருப்பார்கள். முதலில் சுரீரென்று ஒரு கூர்மையான வலி. எவ்விடத்தில் பட்டது என்பது துல்லியமாகத் தெரியும். பிறகு ஒரு கணம் அமைதி. அதன்பின் மெல்ல எழுந்து நிற்கும் மந்தமான, குமுறும் வலி. இடித்தது ஒருமுறைதான், வேகமான இழையின் செய்தி முந்தி வந்தது, மெதுவான இழையின் செய்தி பிந்தி வந்தது.

இதைவிட நுட்பமானது, மூளைக்குத் தெரிவதற்கு முன்பே கால் தன்னை மீட்டுக்கொள்வது. தேயிலைத் தோட்டத்துச் சரிவில் வெறுங்காலுடன் முள்ளை மிதித்தவர் வலியை உணர்ந்து, யோசித்து, அதன்பின் காலை எடுப்பதில்லை. செய்தி தண்டுவடத்தை அடைந்ததும் அங்கேயே உத்தரவு பிறந்து கால் மேலே எழும்புகிறது. அதே நொடியில் மற்றக் கால் விறைத்து உடலின் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. இல்லையேல் முள்ளிலிருந்து தப்பியவர் சரிவில் உருண்டிருப்பார்! வலி என்ற உணர்வு இதெல்லாம் நடந்தேறிய பின்னர் வருவது.

தண்டுவடத்தில் செய்தி அடுத்த நரம்பிடம் ஒப்படைக்கப்படுகிறது. அது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து மேலேறி, மூளையின் நடுவிலுள்ள ஒரு சந்திப்பை அடைந்து, அங்கிருந்து பல பகுதிகளுக்குப் பிரிகிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று அறிவது ஒரு பகுதி. இது பொறுக்க முடியவில்லை என்று தவிப்பது வேறு பகுதி. இத்தனை வலிகளையும் நமக்கு உணர்த்தும் மூளையின் திசுவிலோ தீங்குணர்விகள் இல்லை. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர்கள் சில மூளை அறுவைகளைச் செய்வது அதனாலேயே இயலுகிறது.

தண்டுவடத்தில் செய்தி கைமாறும் இடத்தில் ஒரு தணிக்கையும் நடக்கிறது. கனடாவின் ரொனால்ட் மெல்சாக்கும் இங்கிலாந்தின் பேட்ரிக் வாலும் 1965இல் இதை ஒரு கதவுக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். தொடுதலின் செய்தி மிகுதியாக வரும்போது வலியின் செய்தி மேலே செல்லும் வழி ஒடுங்குகிறது. குழந்தை விழுந்தால் தாய் ஓடிவந்து அந்த இடத்தைத் தேய்த்து விடுகிறாளே, எந்த நூலையும் படிக்காமல் அவள் செய்வது இதைத்தான். அவர்களது விளக்கம் பின்னாளில் பல திருத்தங்களுக்கு உள்ளாயிற்று என்றாலும், செய்தி வழியிலேயே மட்டுப்படுத்தப்படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

அடிபட்ட இடம் மறுநாள் ஏன் தொட்டாலே நோகிறது என்பதையும் கூறிவிடுகிறோம். காயத்தில் சிதைந்த திசு சில பொருள்களை வெளியிடுகிறது. அவற்றுள் புராஸ்டகிளாண்டின் எனப்படுபவை காவலாளிகளை மேலும் உஷார்ப்படுத்துகின்றன. வெதுவெதுப்பான நீர்கூட அவ்விடத்தில் சுடுநீராகத் தோன்றுகிறது. ஆஸ்பிரின் மாத்திரை இப்பொருள் உற்பத்தியாவதைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேன் 1982இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்கு அருகில் வைத்து விற்கப்படும் விண்டர்கிரீன் தைலத்தின் சத்து ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. அதைத் தரும் செடி நம் மலைச் சரிவுகளிலேயே தானாக வளர்கிறது. தாய்மார்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: அது பூசுவதற்கு மட்டுமே உரியது. சிறு குழந்தை அதில் சிறிதளவு அருந்திவிட்டாலும் உயிருக்கே ஆபத்து.

இதுவரை செய்தி ஒழுங்காகச் சென்று சேரும் வழியைக் கண்டோம். செய்தி வராமற்போனால் என்ன நேரும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியது நமது தமிழ்நாடு.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவர் நம் மார்க்கத்தவரல்லர். ஆனால் பெற்றோரும் மற்றோரும் தொட அஞ்சிய தொழுநோயாளிகளின் கைகளைத் தம் கைகளில் எடுத்து ஆராய்ந்த மனிதர் என்பதால் அவரை மரியாதையுடன் நினைவுகூர்கிறோம். அந்நாளில், தொழுநோய் சதையை அழுகச் செய்து விரல்களை உதிர்த்துவிடுகிறது என்றே அனைவரும் நம்பினார்கள். பிராண்ட் ஐயம் கொண்டார். அவர் எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சி: துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க அவர் எவ்வளவு முயன்றும் சாவி திரும்பவில்லை. நோயாளியான ஒரு மெலிந்த சிறுவன் வந்து, நான் திறக்கிறேன் என்று கூறி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவனுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்று வியந்தவர் தரையில் இரத்தத்துளிகளைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு தெரியும் அளவுக்கு அறுத்திருந்தது. சிறுவனோ அதை அறியவே இல்லை.

நம்மில் எவரும் அந்தப் பூட்டை அவ்வளவு அழுத்தித் திருப்ப மாட்டோம். வலி நம்மைப் பாதியிலேயே நிறுத்திவிடும். அச்சிறுவனை நிறுத்த எதுவும் இருக்கவில்லை. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான பகுதிகளின் நரம்புகளில் குடியேறி அவற்றை அழிக்கிறது. அதன்பின் விரல்களைத் தின்பது பெரும்பாலும் நோயன்று, அடுப்பும் ஆணியும் செருப்பின் ஓரமும்தான் என்று பிராண்டும் அவரது தோழர்களும் நிலைநாட்டினார்கள். இரவில் படுத்து எழும்போது சில நோயாளிகளின் விரல் நுனிகள் குறைந்திருப்பதற்குக் காரணம் புரியாமல் திகைத்து, ஒருவரைக் காவல் வைத்துப் பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்ததாம்; உறங்கியவர் அசையவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. இதைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வர வெகுநேரமாயிற்று.

அவர் பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே செயற்கையாக ஒரு வலியை உண்டாக்கவும் முயன்றார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் கருவிகளைப் பொருத்தி, ஆபத்தான அளவை எட்டியதும் காதில் ஒலி எழும்படி அமைத்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். ஒலிக்குப் பதிலாக உடலில் உணர்வுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். கடினமான வேலை வந்தபோது இணைப்பை அணைத்துவிட்டு, முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொண்டார்கள்! பல ஆண்டு உழைப்பும் பெரும் பொருட்செலவும் வீணாகி அம்முயற்சி கைவிடப்பட்டது. நம் விருப்பப்படி அணைக்க முடியாமல் இருப்பதுதான் வலியின் பயன் என்று அவருக்கு விளங்கியது. பல்வலியால் இரவு முழுதும் புரண்டவருக்கு இக்கூற்று உவப்பாக இராது. ஆயினும் அவர் மறுநாள் பல் மருத்துவரிடம் சென்றது அதனால்தானே?

பிறவியிலேயே வலியறியாதவர்களும் மிக அரிதாக இருக்கிறார்கள். வட பாகிஸ்தானில் தெருவில் வித்தை காட்டிய ஒரு சிறுவன் கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணல்மீது நடப்பான். அவனைத் தேடிச் சென்ற ஆய்வாளர்கள் சந்திக்கும் முன்பே, பதினான்கு வயது நிறையாத நிலையில் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனது உறவினரான குழந்தைகளை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். வலி நரம்பில் துடிப்பைக் கடத்தும் ஒரு சோடிய வாயில், மரபணுப் பிழையால் அவர்களிடம் வேலை செய்யவில்லை. அதையொத்த மற்றொரு வாயிலை அடைக்கும் புதிய வலி மருந்தொன்று 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

தொழுநோய் இன்று மருந்தால் முற்றும் குணமாகக்கூடியது. வெண்மையான, உணர்வற்ற தேமல் கண்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், வெட்கத்திற்கு இடமில்லை. ஆனால் இன்று நமது மஹல்லாவில் அதே ஆபத்து வேறொரு பெயரில் வீடுதோறும் நுழைந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை வியாதி உள்ளதாக மதிப்பிட்டது. பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி ஓடும் சர்க்கரை, நரம்புகளையும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. முதலில் பாதிக்கப்படுவது மிக நீளமான நரம்பு. ஆகையால்தான் மரமரப்புக் கால்விரல்களில் தொடங்கி, காலுறை போட்டாற்போல மேலேறுகிறது. சிலருக்கு இரவில் பாதம் எரியும். செத்துக்கொண்டிருக்கும் நரம்பு பொய்ச் செய்தி அனுப்புகிறது. பிறகு எரிச்சல் நின்றுவிடும். அல்ஹம்துலில்லாஹ், குணமாகிவிட்டது என்று அவர் மகிழ்கிறார். உண்மையில் சில வேளைகளில் அது நரம்பு அறவே மௌனமாகிவிட்டதன் அடையாளம்.

நரம்பைக் கெடுப்பது சர்க்கரை மட்டுமன்று. நமது குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். தீட்டிய வெள்ளரிசியையே உண்போருக்குத் தயமின் என்ற சத்துக் குறைந்து கால் நரம்புகள் மரத்துப்போகும் நோய் அது. அந்தச் சிறிய தொடக்கமே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. குன்னூர் என்றால் சிம்ஸ் பூங்கா மட்டும்தான் என்று எண்ணும் நம் இளைஞர்கள் இதையும் அறியட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போருக்கு பி12 சத்துக் குறைந்தும் நரம்பு பாதிக்கப்படலாம். மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கேட்டு அதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

குளிரும் இதில் பங்கேற்கிறது. குளிர் மிகும்போது நரம்பில் துடிப்பு ஓடும் வேகம் குறைந்து, இறுதியில் நின்றேவிடுகிறது. உறைபனிக் காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு விரல் முதலில் கடுத்து, பின்பு மரத்துப்போவது அதனால்தான். நலமுள்ளவருக்கு அது அரைமணியில் மீளும். நரம்பு கெட்டவருக்கோ இரட்டை இருட்டு. அவர் கால் குளிர்கிறது என்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உறங்கினால், கணப்பில் கால் நீட்டினால், ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரை நேரே பாதத்தில் விட்டால், 60 டிகிரி நீர் சில வினாடிகளிலேயே தோலைச் சுட்டுவிடும். அந்தப் புண் ஆறாமல் எலும்புவரை சென்று, காலையே எடுக்க நேர்ந்தவர்கள் இம்மலையிலும் உண்டு.

வலி எல்லாவற்றையும் அறிவிப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். கதவு ஜன்னலை அடைத்துவிட்டுக் கரியடுப்பு மூட்டி உறங்கினால் எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அதை அறிவிக்கும் நரம்பும் நம்மிடம் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடுகிறது. இதயத்தின் வலியோ இடம் மாறித் தோன்றும். இதயத்திலிருந்தும் இடக்கையிலிருந்தும் வரும் செய்திகள் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால் மூளை குழம்பி, கை வலிக்கிறது, தாடை வலிக்கிறது என்று காட்டுகிறது. வாயு என்று எண்ணி இஞ்சிச் சாறு அருந்திக் காலம் கடத்துவோர் பலர். நெடுநாள் சர்க்கரை வியாதியுள்ளவருக்கு மாரடைப்பே வலியின்றி, வெறும் வியர்வையும் மூச்சுத்திணறலுமாக வரக்கூடும்.

சரி, பாதம் பேசாதபோது என்ன செய்வது? கண் பேச வேண்டும். நாம் நாளொன்றுக்கு ஐந்து வேளை பாதங்களைக் கழுவுகிறோம். விரல் இடுக்குகளைக் கோதிவிடுகிறோம். வேறு எவருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது. கழுவும்போதே ஒருமுறை பார்த்துவிடலாம்: வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, அட்டை கடித்த இடம், விரலிடுக்கில் ஈரப் புண். கழுவியபின் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரத்தோடு காலுறை போடுவது இக்குளிரில் புண்ணை வளர்க்கும். வெந்நீரின் சூட்டை உணர்வு குன்றிய காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால், அல்லது வீட்டிலுள்ள இளையவர் கையால் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து திரும்பும்போது செருப்பை ஒருமுறை தட்டிவிட்டு அணியுங்கள். உள்ளே கிடக்கும் கல்லை உங்கள் பாதம் உங்களுக்குச் சொல்லாது. மருத்துவரிடம் செல்லும்போது காலுறையைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். பத்து கிராம் விசையில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். ஒரு நிமிட வேலை. உணர்விழந்த பாதங்களை அந்த இழையால் கண்டறியும் முறை, பிராண்ட் பணியாற்றிய அதே கார்வில் மருத்துவமனையில் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் சோதித்த அனுபவத்தில் உருவானது.

முதியவர்கள் பலருக்குக் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடிவதில்லை. பார்த்தாலும் கண் மங்கல். பேரப்பிள்ளைகளை அழைத்துப் பார்க்கச் சொல்லலாம். நிர்வாகத்தாரிடம் நமது வேண்டுகோள் ஒன்று. இவ்வாண்டு ஒளுச் செய்யும் இடத்தைச் செப்பனிட நிதி ஒதுக்கியிருப்பதாக அறிக்கையில் படித்தோம். பளிங்குக் கல் பதிப்பதைச் சற்றுக் குறைத்தாலும் பாதகமில்லை. வெந்நீர்க் குழாயோடு குளிர்நீரும் கலந்து வரும்படி அமையுங்கள். பெரியவர்கள் அமர இரண்டு முக்காலிகளும், உள்ளங்காலைப் பார்க்கும் உயரத்தில், சாய்வாகப் பொருத்திய ஒரு முகக்கண்ணாடியும் அங்கே இருக்கட்டும்.